மேஜருக்கு நான் சொல்லாத சொல்

என் தம்பியின் வலது கையை முடமாக்கியது நாய் அல்ல, நான்.

நாயைச் சுட்டுவிட்டார்கள். நான் இருக்கிறேன். வேளாவேளைக்கு உண்கிறேன், உடுக்கிறேன், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். வெள்ளவத்தையில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். உங்களுக்கு என்னைத் தெரியாது. அந்த ஒரே காரணத்தால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

ஆறு வருடங்கள் ஆகின்றன. கட்டிய கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை!

அதன் பெயர் மேஜர். புல்மாஸ்டிவ் சாதி. கன்றுக்குட்டியின் உயரம், தேன் நிற உடம்பு, அடுப்புக்கரி பூசியதுபோல் முகம். நிறுத்துப் பார்த்தால் என்னைவிடக் கனம். வாயின் இரு பக்கமும் தோல் தொங்கி, எந்நேரமும் வீணீர் வடிந்துகொண்டே இருக்கும். என் சேலைத் தலைப்பு ஒருநாளும் உலர்ந்து இருந்ததில்லை.

என் கணவர் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் தலைமைக் கிளாக்கர். யுத்தம் தொடங்கியதும் அவருடைய துரை பட்டாளத்தில் சேரப் புறப்பட்டார். போகுமுன் நாயை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, விறாந்தையில் உட்கார்ந்து, அதை நடத்தும் முறையை ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. கணவர்தான் எடுத்துச் சொன்னார்.

"இது ஆளைக் கடிச்சுக் குதறாதாம். சீமையிலை காட்டுக்குள்ளை களவாய் வேட்டையாடுறவங்களைப் பிடிக்கவெண்டே உண்டாக்கின சாதியாம். ஆளை விழுத்தி, அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்குமாம். 'லீவ்' எண்டு சொன்னால் விட்டிடும். சொல்லுமட்டும் விடாதாம். ஆள் திமிறினால் இன்னும் இறுக்குமாம். இதை மறந்திடாதை, என்ன?"

நான் மறக்கவில்லை. தயவுசெய்து இதை நன்றாகக் கவனியுங்கள்... நான் ஒரு கணமும் அதை மறக்கவில்லை.

சில மாதங்களில் கம்பனி அவரைத் திருகோணமலைக்கு அனுப்பியது. அங்கே கடற்படைக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் வேலை. மாதம் ஒருமுறை வருவார். கடற்கரைத் தண்டவாளத்துக்கு அருகே இருந்த அந்த வீட்டில், பாரிசவாதத்தில் விழுந்த என் அம்மாவும் நானும் மேஜரும் எஞ்சினோம்.

ஆரம்பத்தில் எனக்கு அதைக் கண்டாலே குலை நடுங்கும். ஆனால் ஒரு உயிருக்கு நாள்தோறும் சோறு போட்டுவிட்டு எத்தனை நாளைக்குப் பயந்துகொண்டிருக்க முடியும்? முட்டைகூடத் தொடாத சைவக்காரி நான். அடுத்த வீட்டு மஜீத் நானா புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். நாய்க்கென்று இறைச்சிக் கழிவு வாங்கி வாழையிலையில் சுற்றி மதிலுக்கு மேலால் நீட்டுவார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கொல்லைப்புறத்தில் தனிச் சட்டியில் அவித்துக் கொடுத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொள்வேன். மேஜர் கிணற்றடியில் காவல் இருக்கும். நான் நின்றால் நிற்கும். இருந்தால் தன் முழுப் பாரத்தையும் என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு இருக்கும். இரட்டை மாட்டுவண்டி இழுப்பதுபோல் ஒரு குறட்டை! அந்தக் குறட்டைச் சத்தம் இருந்ததால் மட்டுமே அந்த வீட்டில் நான் நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன்.

ஒருமுறை ஒருவன் மதில் ஏறிக் குதித்துத் தேங்காய் பறிக்க வந்தான். நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் அவன் மல்லாந்து கிடந்தான். மேஜரின் முன்கால் ஒன்று அவன் நெஞ்சில். அவன் முழங்கை அதன் வாய்க்குள். அது அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. வீட்டின் திசையைப் பார்த்து, எப்போது நான் வருவேன் என்று காத்துக்கொண்டு நின்றது.

"லீவ்" என்றேன். உடனே விட்டது. அவன் கையில் வீணீரைத் தவிர ஒரு கீறல் இல்லை.

ஆகவே எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பது எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

இனி, என் தம்பி நடேசன். என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பா இறந்தபின் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை செய்தான். அவன் விரல்கள் அச்சுப்பெட்டிக்கு மேலே பறப்பதைப் பார்க்கவே மற்ற வேலைக்காரர்கள் கூடுவார்களாம். அந்த அச்சகத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ரோசலின் என்ற சிங்களக் கத்தோலிக்கப் பெண்ணை அவன் கட்டிக்கொண்டான்.

வீட்டுப் படி ஏறாதே என்று எழுதியது என் கணவர். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி அழுது மன்றாடியது யார்? நான்தான்! அம்மா அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் குழறத் தொடங்கியது.

நான்கு வருடங்கள் அம்மாவை நான் பார்த்தேன். மலசலம் எடுத்தேன். முதுகு புண்ணாகிவிடாதபடி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டினேன். சோற்றைக் குழைத்து ஊட்டினேன். அம்மாவோ காலையில் கண் திறந்ததும் கேட்பது ஒன்றே ஒன்று.

"நடேசு வந்தவனே?"

மேஜர் வந்த பின்பு அதனிடமும் கேட்பாள். நாயென்றால் அருவருக்கும் அம்மா, கட்டிலுக்குக் கீழே கிடக்கும் அந்தப் பெரிய கரிய தலையில் தன் இடக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "மேசர்... நடேசு எங்கை?" என்பாள். வீட்டுக்கு வெளியே அதட்டலும் உறுமலுமாய் நிற்கும் மிருகம், அம்மாவின் கையின் கீழ் மூச்சுக்கூட மெல்ல விடும். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். நாயிடம்கூட என் பெயரைச் சொல்ல மாட்டாளா?

கணவர் மனம் மாறினார். "கிழவியின்ரை கடைசிக் காலம். அவன் வந்து பாத்திட்டுப் போகட்டும்" என்று எழுதினார். நடேசனுக்கும் அவரே எழுதிவிட்டார். சில நாட்களில் தம்பியின் தபாலட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவதாக எழுதியிருந்தான். அச்சடித்ததுபோல் வரிசை தப்பாத கையெழுத்து.

வீட்டில் இப்படியொரு நாய் நிற்கிறது, வாசல் கேற்றில் நின்று கூப்பிடு என்று நான் பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அந்த ஞாயிறு காலை அம்மாவுக்கு உடம்பு துடைத்தேன். கை சற்று அழுந்திவிட்டதோ என்னவோ... அம்மா முகத்தைச் சுளித்துக் குழறினாள். "நடேசு எண்டால் இப்பிடி நோகப் பண்ணான்."

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. நோயாளியின் வாய், குழந்தையின் வாயைப் போன்றது. அதை நான் அப்படியே விட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று முழுவதும் அந்த வார்த்தை உள்ளங்காலில் தைத்த நெருஞ்சிமுள் போல் குத்திக்கொண்டு நின்றது.

பகலில் ஆட்கள் வந்து போவதால் மேஜரைப் பின்பக்கத்து ஈரப்பலா மரத்தில் கட்டி வைப்பது வழக்கம். அன்று கட்டவில்லை. மறந்துபோனேனா? ஆறு வருடங்களாக இந்தக் கேள்வியை என்னிடமே கேட்கிறேன். மறந்துவிட்டேன் என்று சில நாள் நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை. அதற்கு உங்களிடமும் என்னால் விடை சொல்ல முடியாது.

ஆனால் அடுத்து நடந்ததற்கு விடை உண்டு.

மூன்று மணியிருக்கும். மொட்டை வெயில். நான் முன்னறை ஜன்னலடியில் நின்றேன். தெருமுனையில் அவன் வருவது தெரிந்தது. வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, கையில் அம்மாவுக்குப் பிடித்த இதரை வாழைப்பழச் சீப்பு. மெலிந்திருந்தான். கேற்றடியில் நின்று தலைமயிரைக் கையால் கோதிக்கொண்டான். எனக்குத் தெரிந்த நடேசன்தான். பள்ளிக்கூடம் போகுமுன் அப்படித்தான் கோதிக்கொள்வான்.

அவன் கேற்றின் கொளுக்கியைத் தூக்கினான். நான் வாய் திறக்கவில்லை.

மேஜர் குரைக்கவில்லை. அந்தச் சாதி குரைப்பது குறைவு. விறாந்தையிலிருந்து எழுந்தது, முற்றத்தைக் கடந்தது, ஒரே பாய்ச்சல்! வாழைப்பழச் சீப்பு எங்கோ போய் விழுந்தது. தம்பி மல்லாக்க விழுந்தான்.

"அக்கா! ஐயோ அக்கா!"

நான் கதவைத் திறந்துகொண்டு விறாந்தைக்கு வந்தேன். அவன் குடையால் அதன் முகத்தில் அடித்தான். அப்போதுதான் அது அவன் வலது மணிக்கட்டைக் கவ்வியது. அவன் திமிறினான். அது இறுக்கியது. இழுத்தான். இன்னும் இறுக்கியது. கற்பித்ததை அன்றி அது வேறு எதையும் செய்யவில்லை!

பின் அது தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தது.

அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அதில் வெறி இல்லை. ஒரு கேள்வி இருந்தது. 'சரிதானே? இனி விடட்டுமா?' நெற்றித் தோல் சுருங்கி, நல்ல பிள்ளையைப் போல, அது என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு சொல். ஒரே ஒரு சொல். நாக்கு நுனியில் இருந்தது.

உள்ளே அம்மா குழறினாள். "நடேசு... நடேசு வந்திட்டான்..." நான்கு வருடங்களில் நான் கேட்டிராத மகிழ்ச்சி அந்தக் குரலில். அதைக் கேட்டதும் என் வாய் பூட்டிக்கொண்டது.

எத்தனை நேரம்? பத்து மூச்சா? இருபதா? எலும்பு நொறுங்கும் ஓசை எனக்குக் கேட்டது. காய்ந்த தென்னோலை மட்டையை மிதித்ததுபோல்... அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும்!

கடைசியில் சொன்னேன். மிக மெல்லச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேஜருக்குக் கேட்டது. உடனே விட்டுவிட்டு வந்து என் காலடியில் குந்தியது; வாலால் நிலத்தை ஒருமுறை தட்டியது. தாமதித்ததற்காக அதற்கு என்மேல் ஒரு வருத்தமும் இருக்கவில்லை.

அதற்குப் பின்தான் நான் கூச்சலிட்டேன்.

மஜீத் நானா உலக்கையோடு ஓடிவந்தார். தம்பியைத் தூக்கி மடியில் கிடத்தித் தன் சால்வையால் கையைச் சுற்றினார்.

"நான் கத்திக் கத்திக் கூப்பிட்டனான் நானா! அது கேக்கேல்லை! அது சொல்வழி கேக்கேல்லை!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் காலடியில் அமைதியாகக் குந்தியிருந்த நாயைப் பார்த்தார்.

"எனக்கு ஒங்கட சத்தம் கேக்கல்லியே தங்கச்சி," என்றார். "தம்பிட சத்தந்தான் கேட்டிச்சி."

பிறகு ரிக்ஷாவுக்குக் குரல் கொடுத்தார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. ஆனால் அன்றைக்குப் பின் மதிலுக்கு மேலால் என்னோடு அவர் கதைத்ததும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பொலிசுக்குச் செய்தி போனது. கணவர் திருகோணமலையிலிருந்து ஓடிவந்தார். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து விசாரித்தார்.

"நாய் உங்கள் சொல்லைக் கேட்கவில்லையா?"

"இல்லை ஐயா."

"முன்பு கேட்டதுண்டா?"

"சில நேரம்... கேக்கும். சில நேரம் கேளாது."

அந்த வாக்கியம் ஒரு தீர்ப்பு என்று தெரிந்தேதான் சொன்னேன். சொற்கேளாத நாயை உயிரோடு விடமாட்டார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்கும். என் பெயர் பிழைத்திருக்காது.

மறுநாள் காலை துவக்கோடு ஒரு சார்ஜன்ட் வந்தார். மேஜருக்குக் கிட்டே போக எவருக்கும் துணிவில்லை. கணவரும் தயங்கினார். நான்தான் அதைக் கூட்டிப்போய் ஈரப்பலா மரத்தில் கட்டினேன். "சிட்" என்றேன். குந்தியது. பின் என்னைப் பார்த்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. நான் அதன் நெற்றியில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

"நோனா, அயின் வென்ன," என்று சிங்களத்தில் என்னை ஒதுங்கச் சொன்னார் சார்ஜன்ட். நான் விலகினேன்.

அது எழும்பவில்லை. நான் இருக்கச் சொன்னதால் இருந்தபடியே இருந்தது... வெடிச்சத்தத்தில் காகங்கள் எல்லாம் கிளம்பிக் கடற்பக்கம் பறந்தன. உள்ளே அம்மாவின் இடக்கை கட்டிலுக்குக் கீழே துழாவிக்கொண்டிருந்தது.

"மேசர் எங்கை, பிள்ளை?"

"கட்டிப் போட்டிருக்கு, அம்மா."

"நடேசு?"

"வருவான், அம்மா."

அவன் வரவில்லை. வரமுடியவில்லை. காயம் விஷமேறிக் காய்ச்சலில் கிடந்தான். அம்மா ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அவனைக் காணாமலே போய்விட்டாள்! அன்று தன் மகனின் குரலைக் கேட்டது மெய்யா, பொய்யா என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அது பிச்சைக்காரன் அம்மா" என்று நான் சொல்லியிருந்தேன்.

செத்தவீட்டுக்கு அவனை ஆஸ்பத்திரியிலிருந்து கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். வலது கை தோள்வரை கட்டு. பெண்கள் நாங்கள் மயானத்துக்குப் போவதில்லை. திரும்பி வந்த கணவர் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாவம், இடக்கையாலைதான் கொள்ளி வைச்சவன்."

அவன் புறப்படுமுன் என்னிடம் வந்தான். ரோசலின் அவன் பின்னால் நின்றாள். அதுதான் நான் அவளை முதன்முதலாகக் கண்டது.

"அக்கா, நீங்கள் அதைக் கூப்பிட்டனீங்கள்தானே?"

இதுவே என் கடைசி வாசல். திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை.

"ஓம் தம்பி. எத்தினை தரம் கூப்பிட்டனான்!"

அவன் முகம் தெளிந்தது. "எனக்குத் தெரியும். நான் கத்தின சத்தத்திலை எனக்குத்தான் கேக்கேல்லைப் போலை." என் தோளை இடக்கையால் தட்டினான். "அழாதையுங்கோ. உங்களிலை என்ன பிழை?"

எனக்காக ஒரு நியாயத்தை அவனே கண்டுபிடித்துத் தந்துவிட்டுப் போனான்!

அவன் விரல்கள் பிறகு மடங்கவில்லை. எழுத்துக் கோர்க்கும் வேலை போயிற்று. இப்போது அதே அச்சகத்தில் வாசற் கதவைத் திறந்து மூடுகிறான். பார்சல்களுக்குக் காவல் இருக்கிறான். இடக்கையால் எழுதப் பழகியிருக்கிறான். வரிகள் கோணலாக ஏறி இறங்குகின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி. பகலில், வெயில் ஏறிய நேரத்தில், நான் தனியே நாற்காலியில் இருக்கும்போது என் முழங்காலில் ஒரு பாரம் சாய்கிறது. மெல்ல, பழக்கமாக, உரிமையோடு. நான் குனிந்து பார்ப்பதில்லை. கையைக் கீழே விடுவதுமில்லை. சேலைத் தலைப்பு மட்டும் சில வேளை ஈரமாய் இருப்பதுபோல் தோன்றும். அது என்னைக் கடிக்க வந்திருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன். அது கடிக்க வருவதில்லை. காவலுக்கு வருகிறது!

யுத்தம் முடிந்துவிட்டது. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லாரும் கதைக்கிறார்கள். என் கணவரும் கொழும்புக்கே திரும்பிவிட்டார். தம்பி குடும்பமாக மாதம் ஒரு ஞாயிறு வருகிறான். அம்மா இருந்தவரை நான் அடைத்து வைத்திருந்த வாசல், அவள் போனபின் அகலத் திறந்து கிடக்கிறது. ரோசலின் எனக்கென்று பலகாரம் சுட்டுக் கொண்டுவருகிறாள். அவர்களுடைய மகளுக்கு ஐந்து வயது. என்னை மாமி, மாமி என்று சுற்றிச் சுற்றி வருகிறாள்.

கொட்டாஞ்சேனை எத்தனை தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. எத்தனையோ முறை சொல்லிவிடுவதென்று புறப்பட்டுப் போயிருக்கிறேன். என்னைக் கண்டதும் அவன் முகம் மலரும். "அக்கா வந்திட்டா, தேத்தண்ணி போடும்" என்பான் மனைவியிடம். தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அவனிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம் என்று எனக்குத் தெரியாதா?

போன ஞாயிறு. சாப்பிட்டு முடிந்து எல்லாரும் விறாந்தையில் இருந்தோம். தங்களுக்குப் பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறதாம். தனக்கும் ஒன்று வேண்டுமென்று பிள்ளை அழுதாள்.

"நாய் வேண்டாம்," என்றான் நடேசன். "மாமிக்கு நாயெண்டால் பயம். பிறகு மாமி எங்கடை வீட்டுக்கு வரமாட்டா."

பிள்ளை என் மடியில் ஏறினாள். என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மாமி, அப்பாவைக் கடிச்ச நாய் கூடாத நாயா?"

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை, விரல்கள் விறைத்தபடி, மடியில் கிடந்தது.

"ஓம் பிள்ளை," என்றேன். "சரியான கூடாத நாய்."